வழுக்கும் படிகளும் நழுவும் பொறுப்பும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் கடற்போக்குவரத்துப் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் படகுகளின் போதாமை, எரிபொருள் விலை, உயிர்காப்பு அங்கிகள், கடல் கொந்தளிப்பு ஆகியனவே முன்வைக்கப்படுகின்றன. இவை யாவும் கவனத்திற்குரியவை என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆயினும், கரையில் நிற்கும் பயணி படகில் கால் வைக்கும் அந்தச் சில கணங்கள் பற்றிப் பேசுவோர் அரிது. ஈரமும் பாசியும் படர்ந்த இறங்குதுறைப் படி, அலையில் ஏறி இறங்கும் படகின் விளிம்பு, வர்ணம் பூசி வழவழப்பாக்கப்பட்ட உட்படி ஆகிய மூன்றையும் கடந்த பின்னரே கடற்பயணம் ஆரம்பமாகின்றது. பயணத்தின் மிக ஆபத்தான பகுதி கடலின் நடுவே அல்ல, கரையிலேயே இருக்கின்றது என்று கூறினால் அது மிகையாகாது.

படகுப் படிகளில் வழுக்கலைக் குறைப்பது பற்றி ஆசிரியர் தலையங்கம் எழுத வேண்டுமா என்று வாசகர்கள் சிலர் எண்ணக்கூடும். நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் தீர்வின்றிக் கிடக்கையில் இது அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால், இத்தகைய அற்ப விடயங்கள் கவனிக்கப்படாது போவது ஏன் என்று ஆராய்ந்தால், பெரிய விடயங்கள் கவனிக்கப்படாது போவதற்கான காரணமும் அதனுள்ளேயே இருப்பதைக் காணலாம். எனவேதான் இன்று இதனை எழுத முற்படுகின்றோம்.

தீவகத்தில் வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியன தாம்போதிகளால் குடாநாட்டுடன் இணைக்கப்பட்டுள்ளன. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கிற்கும் கடலைத் தவிர வேறு வழியில்லை. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவைச் சென்றடைய ஏறத்தாழ ஒரு மணி நேரமும், நயினாதீவைச் சென்றடைய அதனிலும் மிகக் குறைந்த நேரமும் தேவைப்படுகின்றன. பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியர், அலுவலகத்திற்குச் செல்லும் உத்தியோகத்தர், கிளினிக்குச் செல்லும் கர்ப்பிணித் தாய், ஓய்வூதியம் பெறச் செல்லும் முதியவர், அரிசி மூடையையும் எரிவாயுச் சிலிண்டரையும் சுமந்து ஏறும் வியாபாரி என அனைவரும் இப்படிகளில் ஏறியே தீர வேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தின் ஆனி மாத மகோற்சவ காலத்திலும், நாகதீப விகாரைக்குத் தென்னிலங்கை யாத்திரிகர்கள் வரும் நாட்களிலும், கடற்பயணமே பழகாத ஆயிரக்கணக்கானோர் இவர்களுடன் சேர்ந்து கொள்கின்றனர். கையில் அர்ச்சனைத் தட்டும் இடுப்பில் குழந்தையுமாகப் படகில் ஏறும் பெண்ணுக்குப் பிடித்துக் கொள்ள ஒரு கை கூட மீதமில்லை என்பதை எவரும் நேரில் காணலாம்.

படிகள் ஏன் வழுக்குகின்றன என்பதை முதலில் விளங்கிக் கொள்ள வேண்டும். நீர் மட்டுமே காரணம் எனப் பலர் கருதுகின்றனர். நீர் ஒரு காரணமே; ஆனால் அது முதன்மையான காரணம் அல்ல. கடல் நீர் ஏறி இறங்கும் எல்லைக்குள் இருக்கும் கல்லிலும் கொங்கிறீற்றிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. இப்படலம் ஈரத்தில் ஊறும்போது பாதத்திற்கும் படிக்கும் இடையே எண்ணெய் பூசியது போலாகி விடுகின்றது. பச்சை நிறப் பாசியைக் கண்டு பயணிகள் விலகிக் கொள்வர். கறுத்துக் காய்ந்தது போலத் தோன்றும் படலத்தையோ அவர்கள் கவனிப்பதில்லை. அதன்மேல் ஓர் அலை தெறித்தாலே போதும், கால் நிலைகொள்ளாது.

இங்கு நமது கடலின் இயல்பு ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது. வற்றுக்கும் பெருக்கிற்கும் இடையே பல மீற்றர் வேறுபாடு காணப்படும் கடற்கரைகள் உலகில் உண்டு. அத்தகைய இடங்களில் முழுநீளப் படிக்கட்டுமே பாசிக்கு இரையாகி விடுகின்றது. இலங்கையைச் சூழ்ந்த கடலில் இவ்வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவானதே. ஆகவே நமது துறைகளில் பாசி பிடிப்பவை அடியிலுள்ள சில படிகள் மட்டுமே. ஆபத்து எந்தப் படியில் இருக்கின்றது என்பது நாள்தோறும் அங்கு நிற்கும் படகோட்டிக்கும் தெரியும், மீனவருக்கும் தெரியும். நாம் பராமரிக்க வேண்டியது பல நூறு படிகளை அல்ல. ஒரு துறைக்கு நான்கைந்து படிகளைத்தான். இத்துணை சிறிய வேலை செய்யப்படாதிருப்பதற்குப் பணப் பற்றாக்குறையைக் காரணம் காட்ட முடியாது.

படகிலுள்ள படிகளின் கதை வேறு. நயினாதீவுச் சேவையில் ஈடுபடும் மூடப்பட்ட மரப்படகுகளில் பயணிகள் மேற்தட்டில் கால் வைத்துப் பின்னர் குறுகிய வாயில் ஊடாக உள்ளே இறங்க வேண்டும். அப்படிகள் பல்லாயிரம் பாதங்கள் பட்டுத் தேய்ந்தவை. மரத்தைப் பாதுகாக்கும் பொருட்டு அவற்றின் மீது பளபளக்கும் எனாமல் வர்ணம் பூசப்படுகின்றது. வர்ணம் மரத்தைப் பாதுகாக்கின்றது, ஆனால் மனிதரைக் கைவிடுகின்றது. முன்னால் இறங்கியவரின் பாத ஈரம் பின்னால் வருபவருக்கு வழுக்கலாகின்றது. இயந்திரத்திலிருந்து கசியும் டீசல் அதனோடு கலந்து விட்டால் நிலைமை மேலும் மோசமாகும். பைபர் கிளாஸ் படகுகளின் மேற்பரப்போ உற்பத்தியின்போதே கண்ணாடி போல வழவழப்பாக அமைந்து விடுகின்றது.

இதற்கான பரிகாரங்கள் புதியனவுமல்ல, பெரும் செலவு பிடிப்பனவுமல்ல. கழுவி உப்பு நீக்கி, வெயிலில் நன்கு உலர்த்தி, சல்லடையில் அரித்த மணலை ஈர வர்ணத்தின் மீது தூவி, அது காய்ந்ததும் எஞ்சிய மணலைத் தட்டி அகற்றி, மேலே மற்றுமொரு பூச்சுக் கொடுத்தால் படி சொரசொரப்பாகி விடும். மணலில் உப்பு எஞ்சியிருந்தால் அது ஈரத்தை உறிஞ்சி வர்ணத்தை உரியச் செய்யும் என்பதால் கழுவுவது கட்டாயமாகும். மணலை வர்ண வாளிக்குள் கொட்டிக் கலப்பதை விட மேலே தூவுவது நல்லது. கலக்கும்போது மணல் அடியில் தங்கி விடுகின்றது. ஆண்டுதோறும் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும்போதே இதனையும் செய்து விடலாம். மேலதிகச் செலவு ஒரு வர்ண டின்னை விஞ்சப் போவதில்லை.

இறங்குதுறைப் படிகளைப் பொறுத்தவரை வர்ணம் பயன்தராது. நீரில் மூழ்கி எழும் கொங்கிறீற்றில் வர்ணம் நிலைக்காது. அங்கு தேவைப்படுவன இரண்டு. ஒன்று, படியின் குறுக்கே வெட்டப்பட்ட, நீர் வெளியே வடியத்தக்க சரிவுள்ள தவாளிப்புகள். மற்றையது, விறைப்பான கம்பித் தூரிகையால் வாரந்தோறும் தேய்த்துக் கழுவுதல். புதிதாகப் படி கட்டும்போது சீமெந்துப் பூச்சைக் கரண்டியால் தேய்த்து வழவழப்பாக்குவதை நமது மேசன்மார் தொழிற்றிறனாகக் கருதுகின்றனர். வீட்டு விறாந்தைக்கு அது பொருந்தும். துறைப் படிக்கு, ஈரச் சீமெந்தின் மேல் விளக்குமாற்றை இழுத்து வரியிடுவதே பொருந்தும். இதற்கென ஒரு சதமும் அதிகம் தேவைப்படாது. ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதுமானது.

நல்லெண்ணத்துடன் செய்யப்படும் சில பரிகாரங்கள் தீங்காக முடிவதையும் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. படியின் மீது சாக்கு அல்லது கயிற்றுப் பாய் விரிப்பது சில நாட்களுக்கு உதவும். பின்னர் அது ஊறி, அழுகி, தானே பாசி பிடித்து, காலுக்கடியில் நகரவும் தொடங்கும். றப்பர் விரிப்பின் அடியில் நீர் தேங்கும். மேடுபள்ளமாக வார்க்கப்பட்ட அலுமினியத் தகடு புதிதில் நன்றாக இருந்தாலும் மேடுகள் தேய்ந்ததும் வெறும் தகட்டை விட வேறுபட்டதாக இராது. சொரசொரப்பான ஒட்டு நாடா, உலர்ந்த உட்படிகளில் ஓரளவு பயனளிக்கும். கடல்நீர் படும் இடத்தில் அதன் ஓரங்கள் கிளம்பி, வழுக்கலுக்குப் பதிலாகத் தடுக்கி விழச் செய்யும். குளோரீன் தூளைக் கொட்டிப் பாசியை அழிப்பது விரைவான வழியாகத் தோன்றினும், அது இரும்பை அரிக்கின்றது. படியடியில் வாழும் கடலுயிர்களையும் கொல்கின்றது. சில வாரங்களில் பாசி மீண்டும் வந்து விடுகின்றது. தூரிகையும் மனித உழைப்பும் இதனை விட மேலானவை. கூடுதலாகச் செலவிட முடிந்த இடங்களில், துளைகளுடன் வார்க்கப்பட்டு மேலே மணல் பதிக்கப்பட்ட பைபர் கிளாஸ் சட்டகப் படிகளைப் பொருத்தலாம். நீர் துளைகளின் ஊடாக வடிந்து விடுவதால் அவற்றில் வழுக்கல் குறைவு. துருப்பிடிக்கும் அச்சமும் இல்லை.

வழுக்கலைக் குறைப்பதுடன் விழுகையைத் தடுப்பதும் சேர வேண்டும். இருபுறமும் உறுதியான கைப்பிடிக் கம்பி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் கோடு, அதிகாலையிலும் மாலையிலும் எரியும் ஒரு விளக்கு, படகு துறையோடு ஒட்டி நிற்க உதவும் தரமான ரயர்கள் ஆகியன இல்லாமல் சொரசொரப்பான படி மட்டும் போதுமானதல்ல. படகுக்கும் துறைக்கும் இடையே விழும் ஒருவர் நீந்தத் தெரிந்தவராயினும் பயனில்லை. அலை படகை மீண்டும் துறையோடு மோதும்போது இடையில் அகப்பட்டவரின் நிலை என்னவாகும் என்பதை விபரிக்கத் தேவையில்லை. உயிர்காப்பு அங்கி இங்கே காப்பாற்றாது. படகினுள் அமர்ந்த பின்னரே அங்கி வழங்கப்படுமாயின் அது அணிந்தும் இருக்காது.

படகுப் பணியாளர்கள் கை நீட்டிப் பயணிகளை ஏற்றி இறக்குகின்றனர். அவர்களது இச்சேவை பாராட்டுக்குரியது. எனினும், முன்பின் அறியாத ஒருவரின் கையைப் பற்றத் தயங்கும் பெண்கள் நமது சமூகத்தில் அநேகர். அத்தயக்கத்திலேயே கால் இடறுகின்றது. ஒரே பணியாளர் கயிற்றையும் பிடித்து, மூடையையும் வாங்கி, முதியவருக்கும் கைகொடுக்க வேண்டிய நிலையும் உள்ளது. ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தால் எவரது தயவையும் எதிர்பாராமல் தன் மதிப்புடன் ஏறி இறங்க முடியும்.

விழுந்தால் என்ன, எழுந்து செல்லலாமே என்று இளைஞர் கூறக்கூடும். எழுபது வயதைக் கடந்தவருக்கு அது அப்படியல்ல. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் சத்திரசிகிச்சையும் நீண்ட படுக்கையும் தொடர்கின்றன. பலர் அதன்பின் முன்னைய நடமாட்டத்தைத் திரும்பப் பெறுவதேயில்லை. அந்த நோயாளியை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதற்கும் அதே படிகளைத் தவிர வேறு பாதை இல்லை. விழுந்தவரைத் தூக்கிச் செல்வோர் அதே பாசியின் மீதுதான் கால் வைக்க வேண்டும். தீவில் வாழ்வோருக்கும் குடாநாட்டில் வாழ்வோருக்கும் இடையிலான வேறுபாடு இதிலேயே அடங்கியிருக்கின்றது.

இனிப் பொறுப்பு என்ற வினாவுக்கு வருவோம். இறங்குதுறை ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும். அதற்குச் செல்லும் வீதி மற்றொன்றின் பொறுப்பாகும். குப்பையும் விளக்கும் பிரதேச சபையைச் சேரும். படகு தனியாருக்கோ, அரச திணைக்களத்திற்கோ சொந்தமானது. படகின் தகுதியைப் பரிசோதிப்பது வேறோர் அலுவலகம். துறைக்கும் படகுக்கும் இடையேயுள்ள அந்த ஒரு முழ இடைவெளி மட்டும் எவருக்கும் உரியதாக இல்லை. படி வழுக்குகின்றது என்று முறையிடுபவர் மேசைக்கு மேசை அனுப்பப்படுகின்றார். அனைவருக்கும் பங்குள்ள வேலை எவராலும் செய்யப்படாத வேலையாகி விடுகின்றது.

மற்றொரு காரணமும் உண்டு. நமது நிர்வாக முறையில் கட்டுவதற்கு நிதி கிடைக்கும், கழுவுவதற்குக் கிடைக்காது. புதிய படகு வந்தால் விழா உண்டு, நாடா வெட்டுவதற்கு அதிதி உண்டு. அவுஸ்திரேலிய அரசாங்கத்தினதும் உலக வங்கியினதும் உதவியுடன் நெடுந்தாரகை 2017 ஆம் ஆண்டு சேவையில் இணைக்கப்பட்டபோது தீவக மக்கள் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால், எத்தகைய நவீன படகாயினும் பயணி அதனை அடைவது பழைய படியின் ஊடாகவே. கம்பித் தூரிகையுடன் நிற்கும் ஒரு தொழிலாளியைப் படம்பிடிக்க எவரும் வருவதில்லை. பராமரிப்பு என்ற சொல் நமது வரவு செலவுத் திட்டங்களில் இறுதிப் பந்தியிலேயே இடம்பெறுகின்றது. வெட்டு விழும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

உயிர்கள் பலியான பின்னரே விழிப்பது நமது வழக்கமாகி விட்டது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். பாலம் கட்டப்படும் காலத்தில் மக்கள் பாதுகாப்பாகக் கடப்பதற்கான ஏற்பாடு என்ன, அனுமதி வழங்கியது யார், பரிசோதித்தது யார் என்ற வினாக்கள் யாவும் சடலங்கள் கரை சேர்ந்த பின்னரே எழுப்பப்பட்டன. அவ்வினாக்களை ஒரு நாள் முன்னர் எழுப்பியிருந்தால் அவை அற்ப வினாக்களாகவே கருதப்பட்டிருக்கும். இன்று படிகளைப் பற்றி நாம் எழுப்பும் வினாவும் அத்தகையதே.

தீவக மக்கள் இதனை உரத்துக் கூறாததற்கும் ஒரு காரணம் இருப்பதாக நாம் கருதுகின்றோம். 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் நிகழ்ந்த படுகொலையை மறவாத மக்கள் அவர்கள். போர், இடப்பெயர்வு, கடற்பயணத் தடைகள் எனப் பெருந்துன்பங்களைச் சுமந்தவர்களுக்குப் படி வழுக்குகின்றது என்று முறையிடுவது கூச்சத்தைத் தருகின்றது போலும். பெருந்துன்பத்தைத் தாங்கியவர்கள் சிறு இடரையும் தாங்கிக் கொள்ள வேண்டும் என்ற நியதி எதுவுமில்லை. அவர்களது பொறுமையை அதிகாரிகள் திருப்தி எனக் கருதிவிடலாகாது.

சட்டமும் இவ்விடயத்தில் மௌனமாக இல்லை. அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2006 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அணுகு வசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையும் அனைவரும் பயன்படுத்தத்தக்கனவாக அமைக்க வேண்டும் என்கின்றன. இறங்குதுறையும் ஒரு பொது இடமே. போரில் கால் இழந்தோர் பலர் வாழும் மாகாணத்தில், ஊன்றுகோலுடன் ஒருவர் படகில் ஏற முடியுமா என்பதே அவ்விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளனவா என்பதற்கான உண்மையான பரீட்சையாகும்.

ஆகவே சில ஆலோசனைகளை முன்வைக்க விரும்புகின்றோம். ஒவ்வொரு இறங்குதுறைக்கும் பொறுப்பான ஓர் உத்தியோகத்தர் பெயர் குறித்து நியமிக்கப்பட்டு, அவரது பதவியும் தொலைபேசி இலக்கமும் துறையிலேயே காட்சிப்படுத்தப்பட வேண்டும். படிகளைத் தேய்த்துக் கழுவும் வேலை வாரத்தில் ஒரு தடவையும் மாரி காலத்தில் இரு தடவையும் செய்யப்பட்டு, நாளேட்டில் பதியப்பட வேண்டும். பயணிகள் படகுகளுக்கான அனுமதியைப் புதுப்பிக்கும்போது இயந்திரத்தையும் அங்கிகளின் எண்ணிக்கையையும் மட்டுமன்றி, படிகளின் சொரசொரப்பையும் கைப்பிடியையும் பரிசோதிக்க வேண்டும். இச்செலவைத் தாங்க முடியாத சிறு படகு உரிமையாளர்களுக்கு வர்ணத்தையும் கம்பியையும் வழங்கி உதவலாம். அபராதம் விதிப்பது அதற்குப் பின்னரே நியாயமாகும்.

நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச சபைகளுக்கு 2025 மே மாதத்தில் மக்கள் தமது பிரதிநிதிகளைத் தெரிவு செய்தனர். கொழும்பின் அனுமதிக்காகக் காத்திராது இச்சபைகள் தாமாகவே ஆரம்பிக்கக்கூடிய வேலை இது. அதிகாரம் போதாது என்பது நமது அரசியலில் பல விடயங்களில் உண்மையான முறைப்பாடு. அதனை நாமும் பல தடவைகள் எழுதியுள்ளோம். ஆனால், நான்கு படிகளைத் தேய்த்துக் கழுவுவதற்கு அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை. கையிலுள்ள சிறிய அதிகாரத்தை மக்கள் கண்முன் சரிவரப் பயன்படுத்துவோரே பெரிய அதிகாரத்தைக் கோரும்போது வலிமையுடன் பேச முடியும்.

மாரி காலத்தில் வாடைக் காற்று வீசத் தொடங்கினால் படிகள் நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கும். அதற்கு முன்னர் ஒரு காலை வேளையில் பொறுப்புள்ள அதிகாரிகள் அனைவரும் ஒன்றாகத் துறைக்குச் சென்று, எவரது உதவியுமின்றி அப்படிகளில் இறங்கிப் படகில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை. அந்த ஒரு பயணம் பல அறிக்கைகளை விட அதிகமாகக் கற்பிக்கும். அதன் பின்னரும் படி யாருக்குச் சொந்தம் என்ற விவாதம் தொடருமாயின், அது அறியாமையினால் அன்று, அசிரத்தையினால் என்றே மக்கள் தீர்மானிப்பர்.